ஒன்பதாம் பிளாக் பள்ளிக்கூடம்

786
நெய்வேலி
11-6-1961

அன்புள்ள மச்சான் அப்துல் வதூது அவர்களுக்கு, உங்கள் சலீமா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையால் நானும் மைமூனும் நல்ல சுகம். பரங்கிப்பேட்டையில் மாமிக்கும் சுகம்தான், முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. உங்கள் உடம்பு எப்படி? சிங்கப்பூரில் மழை விட்டதா?

நல்ல செய்தி முதலில். ஷரீபா மதினிக்குப் போன புதன்கிழமை ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். தங்கை நான் கேலி செய்தும் ஜமால் நானாவுக்குத் தலைகால் புரியவில்லை. தான் வேலை பார்க்கிற பம்பு ஷெட்டில் ஒருத்தர் விடாமல் வாயில் சர்க்கரையைப் போட்டிருக்கிறார். மதினிக்கு ஒத்தாசைக்கு நாற்பது நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று மாமியிடம் சொல்லிவிட்டு நானும் மைமூனும் இங்கே வந்திருக்கிறோம்.

மச்சான், இந்த ஊரை நீங்கள் பார்க்கவேண்டும்! நாலு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் கப்பல் ஏறிச் சபுர் போனபோது இங்கே என்ன இருந்தது? முந்திரிக் காடும் செம்மண்ணும்தானே. இப்போது ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ரோடு. ரெண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு மரக்கன்று, ஒவ்வொன்றுக்கும் முள்கூடு. தெருவுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். வீடு எங்கே என்று யாராவது கேட்டால் பிளாக் நம்பர், ரோடு நம்பர், வீட்டு நம்பர் மூன்றையும் மூச்சு விடாமல் சொல்கிறாள் மைமூன். இடது பக்கத்து வீட்டுக்காரர் பாலக்காடு, வலது பக்கம் குண்டூர், எதிர்வீடு திருநெல்வேலி. குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. திறந்து மூடித் திறந்து மூடி விளையாடி நானாவிடம் அதட்டு வாங்கியது மைமூன் இல்லை, நான்.

நேற்று சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தோம். வாய் பிளந்த பள்ளம். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மண் அடுக்கடுக்காகத் தெரிகிறது. வீட்டைவிடப் பெரிய சக்கரம் சுற்றிச் சுற்றி மண்ணை அள்ளுகிறது. அடியிலிருந்து தண்ணீர் முட்டிக்கொண்டு வருமாம், அதை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டுமாம். அதுதான் நானாவின் வேலை. இவ்வளவு தோண்டியும் கரி இன்னும் கண்ணில் படவில்லை. கரி வருவதற்கு முன்னாலேயே ஊர் வந்துவிட்டது!

மைமூன் வாப்பாவுக்கு முத்தம் தருகிறாள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
சலீமா பீவி


சிங்கப்பூர்
29-6-61

பிரியமுள்ள சலீமாவுக்கு அப்துல் வதூது ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உன் சுகமும் மைமூன் சுகமும் கடிதத்தில் கண்டு மனசு குளிர்ந்தது. ஜமால் மச்சானுக்கும் ஷரீபாவுக்கும் என் முபாரக் சொல்லு. பிள்ளைக்கு ஒரு சட்டைத்துணி ஆள்வசம் அனுப்புறேன்.

நீ எழுதினதை மூணு தரம் படிச்சேன். ரோட்டுக்கு நம்பர், வீட்டுக்கு நம்பர். இங்கேயும் அதே கதைதான். போன மாசம் பெருநாள் அன்னைக்கு ஒரு குடிசைப் பகுதி தீப்பிடிச்சு எரிஞ்சுபோச்சு. பேப்பர்ல பார்த்திருப்பே. எனக்கு ஒண்ணும் இல்லை, பயப்படாதே. இப்போ அந்த இடத்துல மாடி மாடியாக் கட்டப்போறாங்க. அந்த வீடுங்களுக்கும் நம்பர்தான் வரும்.

முதலாளி சுகம். இனிமே கடை விலாசத்துக்கு எழுதாதே, இந்தக் கடுதாசியோட முதுகுல இருக்கிற விலாசத்துக்கு எழுது. கடைப்பக்கம் தபால்காரன் மாறிட்டான், கடுதாசி சரியா வர்றதில்லை.

அந்தப் பெரிய சக்கரத்தை மைமூனுக்குக் கிட்டே போய்க் காட்டாதே.

வஸ்ஸலாம்.
வதூது


786
நெய்வேலி
22-7-61

அன்பு மச்சானுக்கு, சலீமாவின் ஸலாம். இங்கு அனைவரும் சுகம். குழந்தைக்கு நாற்பது ஆகிவிட்டது. அன்வர் என்று பேர் வைத்திருக்கிறது. உங்கள் உடல்நலம் பற்றி ஒரு வரிதான் எழுதினீர்கள். அடுத்த தரம் நாலு வரியாவது வேண்டும்.

உங்களிடம் கேட்கவேண்டிய ஒன்றைக் கடைசியில் வைத்திருக்கிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே ரோட்டோரம் பெரிய பெரிய சிமெண்டுக் குழாய்கள் கிடக்கின்றன. எங்கள் ஒன்பதாம் பிளாக் பிள்ளைகளுக்கு அதுதான் வீடு, ரயில், கோட்டை எல்லாம். ஒருநாள் காலையில் வெள்ளைப் புடவை கட்டிய ஒரு அம்மா அந்தக் குழாய்க்குள் குனிந்து பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அப்புறம் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்.

"வீட்டுல படிச்சவுங்க யாராவது இருக்காங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி கட்டிலில் இருந்தே, "இருக்கா. கடலூர்ல டிரெயினிங் முடிச்சவ. சர்ட்டிபிகேட்டு பெட்டியில தூங்குது" என்று போட்டு உடைத்துவிட்டது.

"சர்ட்டிபிகேட்டு தூங்கட்டும். இவுங்க வரட்டும். தொண்ணூறு பிள்ளைங்க, நான் ஒருத்தி" என்றார் அந்த அம்மா. ஆரோக்கியம்மாள் என்று பேர். கடலூர் மஞ்சக்குப்பம். தலைமை ஆசிரியை, உதவி ஆசிரியை, மணி அடிப்பவர் எல்லாம் அவரே.

சிமெண்டு மூட்டை வைத்திருந்த தகரக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். பிள்ளைகள் எழுந்து நின்றால் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. கரும்பலகை இல்லை. ஒரு பழைய கதவைக் கறுப்படித்துச் சாய்த்து வைத்திருக்கிறோம். முதல் நாள் பாலக்காட்டுப் பையன் "டீச்சர், வெள்ளம்" என்று அழுதான். உடனே நம்ம ஊர்ப் பிள்ளைகள் பாதிப்பேர் வெள்ளம் வந்துவிட்டது என்று வெளியே ஓடினார்கள்! அவனுக்குத் தாகம், அவ்வளவுதான். அன்றைக்குப் பாடமே அதுதான். வெள்ளம், நீள்ளு, பானி, தண்ணி. நாலு வார்த்தையும் கதவில் எழுதிப் போட்டேன். நான்கையும் கத்திக் கத்திச் சொல்லிப் பிள்ளைகளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, எனக்கும் சேர்த்து.

பத்து நாள்தான் என்று போனேன். இன்றோடு பதினேழு நாள் ஆகிறது. மாமிக்கு இன்னும் எழுதவில்லை. நான் இங்கே இருந்து இந்த வேலையைப் பார்க்கலாமா, மச்சான்? வேண்டாம் என்றால் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவேன். ஆனால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சலீமா


சிங்கப்பூர்
10-8-61

பிரியமுள்ள சலீமாவுக்கு ஸலாம். நான் சுகம், சுகம், சுகம், சுகம். நாலு வரி கேட்டே, நாலு சுகம் போட்டுட்டேன்.

நீ கேட்டது அனுமதியா, தகவலா? பதினேழு நாள் கழிச்சுக் கேக்குற அனுமதியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. போ. நல்லாச் சொல்லிக்கொடு. உன்னைக் கட்டும்போதே அந்தச் சர்ட்டிபிகேட்டைப் பார்த்து நான்தான் பயந்தேன். அது பெட்டியில கிடக்கிறது எனக்கும் உறுத்தல்தான். உம்மாகிட்டே நான் எழுதிச் சொல்லிக்கிறேன்.

சில விஷயம் கேக்கணும். உங்க குவார்ட்டர்ஸ் கூரை கான்கிரீட்டா, ஓடா? சுவர் செங்கலா, வேற ஏதாவதா? புதுசாக் கட்டுற வீட்டுல கூரை போட்டதும் அது மேல ஈரச்சாக்கு போட்டு வைக்கிறாங்களா, இல்லை அணை கட்டித் தண்ணி தேக்குறாங்களா? எத்தனை நாளு? ஜமால் மச்சானைக் கேட்டு எழுது. இங்கே ஒரு ஆள்கூடப் பேச்சு, அதுக்குத்தான்.

எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்க. வலதுகை விரல்ல லேசா ஒரு கீறல். ஒண்ணுமில்லை.

மகளுக்கு என் துஆ.
வதூது


786
நெய்வேலி
3-9-61

மச்சான்! மச்சான்! கரி வந்துவிட்டது!

ஸலாம் சொல்ல மறந்துவிட்டேன் பாருங்கள். அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். விரல் ஆறிவிட்டதா?

போன வாரம் மத்தியானம் பாடம் நடக்கும்போது ரோட்டில் ஒரே சத்தம். சைக்கிளில் ஒரு ஆள் "கரி தெரியுது! கரி தெரியுது!" என்று கத்திக்கொண்டே போகிறான். ஆரோக்கியம்மாள் டீச்சர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மணியை அடித்துவிட்டார். தொண்ணூறு பிள்ளைகளையும் கைகோத்துக் கூட்டிக்கொண்டு போனோம். கிட்டே விடவில்லை. தூரத்தில், அத்தனை நிறத்துக்கும் அடியில், ஈரமான ஒரு கறுப்புக் கோடு. அவ்வளவுதான் தெரிந்தது. அதற்கே பெரிய ஆம்பிளைகள் குழந்தை மாதிரி குதிக்கிறார்கள். யாரோ யாரையோ தூக்கிச் சுற்றுகிறார்கள். ஜமால் நானா ஒரு துண்டு கொண்டுவந்தார். கரி என்றால் நான் அடுப்புக்கரி மாதிரி நினைத்திருந்தேன். இது நனைந்த மரக்கட்டை மாதிரி பழுப்பாக, மெத்தென்று இருக்கிறது. நகத்தால் கீறினால் கோடு விழுகிறது.

அதை வகுப்பில் காட்டினேன். என் வகுப்பில் சிங்காரம் என்று ஒரு பையன். அவன் அம்மா இருசம்மாள் ரோட்டு வேலையில் சித்தாள். இப்போது பள்ளம் இருக்கிற இடத்தில்தான் அவர்கள் ஊர் இருந்தது. வேறு இடத்தில் மனை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சாயங்காலம் பையனைக் கூப்பிட வந்த இருசம்மாள் அந்தக் கரியைக் கையில் வாங்கி எடை பார்த்தாள்.

"எங்க கொல்லைக்கு அடியில இதுவா டீச்சர் கெடந்துச்சு?"

"ஆமாம்மா. இதை எரித்துத்தான் கரண்ட் எடுக்கப் போறாங்களாம்."

"நல்லா எரியட்டும். ஆனா என் ஊட்டு எடத்துல வர்ற மெஷினை என் புள்ளதான் ஓட்டணும். அதுக்கு எந்த வகுப்பு வரைக்கும் படிக்கணும்? எழுதிக் குடு, செவுத்துல ஒட்டிக்கிறேன்."

எழுதிக் கொடுத்தேன் மச்சான். அவ்வளவு நிச்சயமாக அவள் கேட்டாள்.

உங்கள் கேள்விகளுக்குப் பதில். கூரை கான்கிரீட். சுவர் செங்கல். கூரை மேல் அணை கட்டித் தண்ணீர் தேக்குகிறார்கள், பத்துப் பதினைந்து நாளாம். நானா சிரிக்கிறார், "மாப்பிள்ளை ஜவுளியை விட்டுட்டு வீடு கட்டப் போறாரா" என்று.

உங்கள் முகத்தைப் பார்த்து இதையெல்லாம் சொல்ல ஆசை.

சலீமா


786
நெய்வேலி
12-11-61

மச்சானுக்கு ஸலாம். நானும் பிள்ளையும் சுகம்.

செப்டம்பரில் எழுதினேன், அக்டோபரில் ரெண்டு தரம் எழுதினேன். உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. மாமிக்கும் ஜூன் மாசத்துக்குப் பிறகு கடிதம் இல்லை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை என்பதையே அவர்கள் ஊரில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். நீங்கள் எழுதிச் சொல்வதாகச் சொன்னீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமி இங்கே வந்துவிட்டார்கள், என்னைக் கூட்டிப்போக. துணைக்கு வந்தது உங்கள் கூட்டாளி முஹம்மது யூசுப். அவர் சிங்கப்பூரிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது.

"புருசன் சம்பாதிச்சு அனுப்புறான். நீ சிமெண்டுக் கொட்டாயில நின்னு கத்தணும்னு என்ன தலையெழுத்து?" என்று மாமி கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் யூசுப் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. தண்ணீர் கொடுக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

"அவுங்க கடையில சுகமா இருக்காங்களா?" என்று கேட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எந்தக் கடை? அது பெருநாள் அன்னைக்கே எரிஞ்சுபோச்சேம்மா. வதூது எழுதலியா?" என்றார்.

மாமிக்கு இது காதில் விழவில்லை. யூசுப்பிடமும் வாயை மூடிக்கொள்ளச் சொன்னேன். மாமி ஐந்து நாள் இருந்தார்கள். நான் வரமாட்டேன் என்றேன். உம்மா வரமாட்டா என்று மைமூனும் சொன்னாள். கோபமாகப் போய்விட்டார்கள்.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து உங்கள் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பிப் படித்தேன். துணிக்கடைக்காரருக்கு ஈரச்சாக்கு எதற்கு? கூரை எதற்கு? விரலில் கீறல் எப்படி வந்தது? எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்தது. நான் என் ஊர், என் பள்ளிக்கூடம், என் கரி என்று குதித்துக்கொண்டே இருந்துவிட்டேன். கேட்கவே இல்லை.

உங்கள்மேல் கோபம் இருக்கிறது. என்மேல் அதைவிட ஜாஸ்தி. எங்கே இருக்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள்? எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

சலீமா


சிங்கப்பூர்
30-11-61

என் சலீமாவுக்கு ஸலாம். நான் சுகமாத்தான் இருக்கேன். இந்தத் தரம் இது நிஜம்.

உனக்கு மூணு கடுதாசி எழுதிக் கிழிச்சேன். நீ கரி வந்ததை எழுதியிருந்தே பாரு, அதுக்குப் பதிலா நான் எதை எழுதுறது? பொய் எழுத முடியலை, நிஜம் எழுத வெட்கம். அப்படியே விட்டுட்டேன். தப்புத்தான்.

ஹஜ்ஜுப் பெருநாள் அன்னைக்குக் கடை பூட்டியிருந்துச்சு. நாங்க தொழுதுட்டு, சாப்பிட்டுட்டுப் படுத்திருந்தோம். புகை தெரிஞ்சு ஓடினோம். காத்து வேற. போய்ச் சேர்றப்ப கடை இல்லை, தெரு இல்லை. எவ்வளவோ பேருக்கு வீடே போச்சு, அதுல நம்ம கடை எம்மாத்திரம். முதலாளி அடுத்த மாசமே ஊருக்குக் கப்பல் ஏறிட்டார். நானும் வந்திருக்கலாம். ஆனா உம்மா தெருவெல்லாம் 'என் மகன் சிங்கப்பூரு ஜவுளிக்கடையில'ன்னு சொல்லி வச்சிருக்கு. வெறுங்கையோட எந்த முகத்தோட இறங்குவேன்?

எரிஞ்ச இடத்தைச் சுத்தம் பண்ண ஆள் எடுத்தாங்க. போனேன். அப்புறம் அங்கேயே மாடி கட்ட ஆள் எடுத்தாங்க. சிமெண்டு சுமந்தேன். ஒரு சீன மேஸ்திரி, அவனுக்கும் எனக்கும் பொதுவா பத்து மலாய் வார்த்தைதான் தெரியும். ஒருநாள் என் கையில கம்பியும் கொறடும் குடுத்துக் கட்டச் சொன்னான். கம்பியைக் குறுக்கும் நெடுக்கும் வச்சு, சின்னக் கம்பியால முடிச்சுப் போட்டுக்கிட்டே போகணும். அதுமேலதான் கான்கிரீட் ஊத்துவாங்க. விரல் கிழிஞ்சது அதுலதான். இப்போ மத்தவன் ஒரு முடிச்சுப் போடுறதுக்குள்ள நான் மூணு போடுவேன்.

இதை உன்கிட்டே சொல்லாம இருந்ததுதான் வெட்கமே தவிர, இந்த வேலை எனக்கு வெட்கமா இல்லை சலீமா. பன்னெண்டு வருஷம் துணியை அளந்து கிழிச்சேன். அது யாரு உடம்புல போச்சு, எங்கே போச்சுன்னு ஒருநாளும் தெரியாது. நேத்து அஞ்சாவது மாடியில நின்னு கீழே பார்த்தேன். நான் கட்டின கம்பிமேல நான் நிக்கிறேன்! காத்து அப்படி அடிக்குது. சத்தம் போட்டுச் சிரிச்சேன். மேஸ்திரி பைத்தியம்னு நினைச்சுட்டான்.

உம்மாகிட்டே நீயே சொல்லு. எனக்குத் தைரியம் பத்தலை.

வதூது


786
பரங்கிப்பேட்டை
27-12-61

அன்பு மச்சானுக்கு ஸலாம். உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்திலேயே பிரித்தேன். ஐந்தாவது மாடியில் நின்று சிரித்தேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆரோக்கியம்மாள் டீச்சர் பயந்துபோய், "கெட்ட செய்தியா?" என்று கேட்டார். "இல்லை டீச்சர், எங்க வீட்டுக்காரர் மாடி கட்டுறார்" என்றேன்.

"அப்ப இங்க வந்து கட்டச் சொல்லு. நமக்குக் கட்டிடம் சாங்ஷன் ஆயிடுச்சு" என்றார்!

ஆமாம் மச்சான். ஆறு வகுப்பறை, கான்கிரீட் கூரை. என்னையும் ஆர்டர் கொடுத்து வேலையில் எடுத்துக்கொண்டார்கள். கட்டிட கான்ட்ராக்ட் எடுத்திருக்கிற கோவிந்தசாமியிடம் ஜமால் நானா போய்க் கேட்டார். கம்பி கட்டத் தெரிந்த ஆள் கிடைக்காமல் அவர் அலைந்துகொண்டிருக்கிறாராம். "சிங்கப்பூர்ல மாடிக்குக் கட்டுனவரா? நாளைக்கே வரச் சொல்லுங்க" என்றாராம். வாருங்கள். நான் கேட்பது அனுமதியும் இல்லை, தகவலும் இல்லை.

லீவு விட்டதும் இங்கே வந்து மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பகல் முழுக்க அரிசி புடைத்துக்கொண்டே இருந்தார்கள். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார்கள். சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்:

"வாப்பா வதூது, உம்மா ஆசியா உம்மாள் ஸலாம் சொல்றேன். உன் பொண்டாட்டி எல்லாத்தையும் சொல்லிட்டா. நீ கடையில ஒக்காந்து காத்தாடிக்குக் கீழ வேல செய்யிறேன்னு நான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். வெயில்ல நின்னியா? கை கிழிஞ்சுதா? அத எனக்கு எழுதாம ஒனக்கு என்ன பெரிய மானம்? ஊருக்குச் சொன்னது நான். அத மாத்திச் சொல்லிக்க எனக்கு வாய் இருக்கு. இப்பத்தான் எதுத்த வீட்டு ராஜாமணிகிட்ட சொல்லிட்டேன், எம் மவன் இப்ப மாடி வூடு கட்டுறான், ஜவுளிய விட்டுட்டான்னு. அவ வாயப் பொளந்துட்டா. நீ கெளம்பி வா. அந்த நம்பர் போட்ட ஊர்ல எனக்குத் தூக்கம் வராது, நான் இங்கதான் இருப்பேன். ஆனா நீ வந்து எறங்குனா பாக்க வருவேன். மேல ஏறும்போது கீழ பாக்காத."

கடைசி வரியைச் சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

உங்கள்,
சலீமா


சிங்கப்பூர்
20-1-62

அன்பு சலீமாவுக்கு ஸலாம். சுகம். உம்மா கடுதாசியைச் சட்டைப்பையிலேயே வச்சிருக்கேன். வேர்வையில எழுத்து கரைஞ்சுபோச்சு, பரவாயில்லை, மனப்பாடம்.

நோன்பு வரப்போகுது. இங்கே எடுத்த வேலையைப் பாதியில விட்டுட்டு வர மேஸ்திரிக்கு மனசில்லை, எனக்கும் இல்லை. நோன்பு முடிஞ்சு பெருநாளைக் கொண்டாடிட்டுக் கப்பல் ஏறுறேன். மார்ச்சு கடைசியில நாகப்பட்டினத்துல இறங்குவேன், இன்ஷா அல்லாஹ். மேஸ்திரிகிட்டே சொன்னேன், எங்க ஊர்லயும் ஒரு ஊர் கட்டுறாங்கன்னு. அவனுக்குப் புரிஞ்சுதோ என்னவோ, தன்னோட கொறடை எடுத்து என் கையில வச்சிட்டான். திருப்பிக் குடுத்தா வாங்க மாட்டேங்கிறான்.

மைமூனுக்கு என்னை அடையாளம் தெரியுமா? அவ ஒரு வயசுல பார்த்தது. போட்டோவைக் காட்டி வை. இப்போ நான் ரொம்பக் கறுத்துட்டேன், அதையும் சொல்லி வை.

வதூது


நெய்வேலி
24-5-62

அன்பு மனைவி சலீமாவுக்கு ஸலாம். நான் சுகம். உம்மா முழங்கால் எப்படி? மைமூன் கடற்கரைக்குப் போகணும்னு ஆடுனாளே, கூட்டிப்போனியா?

நாலு வருஷம் நீ ஊர்லேர்ந்து எழுத, நான் அங்கேயிருந்து எழுதினேன். இப்போ நீ லீவுக்குப் பரங்கிப்பேட்டை, நான் உன் ஊர்ல உக்காந்து எழுதுறேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அங்கே வந்துட்டுத் திரும்பி ஒரு வாரம்தான் ஆகுது, அதுக்குள்ள எழுதுறதுக்கு ஆயிரம் இருக்கு!

சுவர் ஜன்னல் அடிமட்டத்துக்கு வந்தாச்சு. இருசம்மாள் நம்ம கட்டிடத்துலதான் சித்தாள். செங்கல் ஒவ்வொண்ணையும் தட்டிப் பார்த்துத்தான் மேலே குடுக்குது, சத்தம் சரியில்லைன்னா ஓரமாப் போட்டுடுது. கோவிந்தசாமி திட்டினார். "எம் புள்ள ஒக்கார எடம், நான் பாத்துத்தான் குடுப்பேன்"ன்னு சொல்லிட்டு அது பாட்டுக்கு அடுத்த செங்கலைத் தட்டுது. கரி எரிச்சுக் கரண்ட் எடுக்கிற தெர்மல்ல மெஷின் ஓட ஆரம்பிச்சுதுன்னு ஜமால் மச்சான் சொல்றார். ஊரே அதே பேச்சாக் கிடக்கு. ராத்திரி ஷிப்டு ஆளுங்களுக்கும் பகல் ஷிப்டு ஆளுங்களுக்கும் யார் முதல்ல பார்த்தாங்கன்னு டீக்கடையில சண்டை.

பாலக்காட்டுப் பையன் தினமும் வந்து எட்டிப் பார்க்கிறான். "எங்க டீச்சர் கிளாஸ் ஏதா?"ன்னு கேட்டான். கிழக்குக் கோடி ரூமைக் காட்டினேன். ஆரோக்கியம்மாள் டீச்சர் உனக்கு அதைத்தான் ஒதுக்கியிருக்காங்க.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். ஜன்னலுக்கு மேல சுவரைத் தாங்குற லிண்டல் போடணும். அதுக்கு நான் கம்பி கட்டணும். கோடி ரூம்ங்கிறதால ரெண்டு பக்கம் வெளிச்சுவர் இருக்கு. ஆனா பிளான்ல ஒரு ஜன்னல்தான். எந்தச் சுவர்ல வைக்கலாம்னு ஓவர்சீயரைக் கேட்டேன். "எந்தப் பக்கம் வச்சாலும் எனக்கு ஒண்ணுதான், வியாழக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க"ன்னார். கிழக்குன்னா காலை வெளிச்சம் நல்லா வரும், ஆனா ரோட்டுச் சத்தம். வடக்குன்னா காத்து, மைதானம் தெரியும், பிள்ளைங்க பாடத்தைக் கவனிக்குமான்னு தெரியாது. நிக்கப்போறவ நீ. எந்தப் பக்கம்? உடனே எழுது.

சீக்கிரம் வா. வீட்டுல குழாய்த் தண்ணிச் சத்தம் மட்டும்தான் கேக்குது.

உன்,
வதூது


786
பரங்கிப்பேட்டை
28-5-62

அன்பு மச்சானுக்கு ஸலாம். எல்லோரும் சுகம்.

ரெண்டு பக்கமும் வையுங்கள். ஓவர்சீயர் ஏதாவது சொன்னால், புதன்கிழமை மத்தியான பஸ்ஸில் டீச்சரே வருகிறாள், அவளிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுங்கள். மாமியும் வருகிறார்கள். படுக்கையைச் சுருட்டி வாசலில் வைத்தாயிற்று.

சலீமா